நான் அழித்த பென்சில் கோடு

அன்று காத்தான்குடியில் என் முதலாளி வீட்டு வளவில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்: முதலாளி, அவர் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணியான மகள், மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்த பறங்கித் தச்சர், பிறகு கார் ஓட்டுகிற நான். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம்.

காரின் பின்கதவு தொங்கிப் போயிருந்தது. உப்புக் காற்றில் கதவைத் தாங்கும் பிணைச்சல் இரண்டையும் கறள் தின்றுவிட்டது. எட்டு வருஷமாக அந்தக் காரில் ஓர் ஆணி முடுக்குவதென்றாலும் நான்தான். இந்த முறை முதலாளி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கதவு தொங்கும் சட்டம் மரம், அதனால் தச்சர் வந்தார். அது நியாயந்தான். ஆனால் முதலாளி, "கையெண்டா இதுதான் கை. பாத்துப் படி மனே" என்று என்னிடம் சொன்னார். தச்சருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. எனக்கு வழக்கமான தகரக் குவளை. வயிறு எரிந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இந்த வேலையும் போனால் என்ன செய்வேன் என்று பயமும் பிடித்துக்கொண்டது.

பழைய பிணைச்சலைச் சுற்றி மரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் தச்சர் அதைக் கழற்றினார். பழைய துளைகளை ஆப்பு வைத்து அடைத்தார். புதியது அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தால்தான் கதவு சரியாகப் பூட்டும். அவர் தேநீர் குடிக்கத் திரும்பிய நேரம், தூசி தட்டுவதுபோல எண்ணெய்த் துணியால் கோட்டைத் துடைத்துவிட்டேன்.

அவர் கோட்டைத் தேடினார். பிறகு புதிய பிணைச்சலைக் கண்மட்டத்தில் குத்துமதிப்பாகப் பூட்டினார். கதவைத் தூக்கி அடித்தால்தான் சாத்தியது.

"போதும் பாஸ், ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது" என்று முதலாளி தச்சரிடம் சொன்னார்; தச்சரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மகள் அந்தக் கதவோரமே ஏறி இருந்தாள்.

அது பிணைச்சல் பின்னால் இருக்க, முன்பக்கமாகத் திறக்கிற கதவு. ஓடும்போது ஓர் இடைவெளி கிடைத்தால் காற்று பிடுங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலுள்ள கல்லடிப் பாலமும் அதன் கீழே வாவியும் என் கண்ணில் வந்து நின்றன. ஓட்ட ஏறியிருந்த நான் இறங்கிவிட்டேன்.

"பாஸ், கோட்டை அழிச்சது நான்தான்."

முதலாளியின் முகம் கறுத்தது. "என்ட புள்ள இரிக்கிறாளேடா உள்ள! சாவியத் தா. நான் வேற ஆளப் பாக்கன்."

தச்சர் சட்டைக் கையை மடித்தார். "பாலத்தைத் தாண்டமுந்திச் சொல்லிப் போட்டானே, மொதலாளி. இவனை விட்டுப்போட்டு ஆரைப் பிடிக்கப் போறீங்க?" பிறகு என்னிடம், "கதவைத் தோளில தாங்கு தம்பி. அசைஞ்சா மூண்டாந்தரமும் தாங்க வைப்பன்" என்றார்.

ஒரு மணித்தியாலம் தாங்கினேன். இம்முறை ஒரு விரலால் தள்ளவே கதவு 'டக்' என்று பூட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதும் எனக்குப் பொறாமைதான். என் கைக்கு அது வராதே!

முதலாளி பிறகு சாவியைக் கேட்கவில்லை; தச்சருக்கு ஒரு வேலைக்குத்தான் கூலி கொடுத்தார். இரண்டாந்தரம் மாட்டிய கூலி என் பொறுப்பு என்று நானே சொன்னேன். மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனபோது, தச்சர் திருகோணமலைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பிறகு காணவே இல்லை.

இன்றும் ஒருவர் என் முன்னால் நன்றாக வேலை செய்தால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் உடனே அந்தத் தச்சரின் முகம் வந்துவிடும், அவருக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டிய ஒன்றரை ரூபாயும்.