ரப்பர் என்றாள் அம்மா

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். கோலா சாவாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதும் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் சிரம்பானுக்குக் குடிபோய்விட்டார்கள். தம்பி சிங்கப்பூரில் இருந்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள் அம்மா. ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தால், கதவைத் திறக்கும் முன்பே அவள் குரல் கேட்கும். அது நின்றுபோனதும் வீட்டுக்குள் நுழையவே தயக்கமாக இருந்தது.

வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. ஒரு மலாய்ப் பெண் படங்களைக் காட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னம்மா?" என்று தமிழில் கேட்பேன். பூனை, குடை, வாழைப்பழம். அம்மாவின் உதடு அசையும், சத்தம் வராது. மூன்றாம் மாதம் ஒருநாள், பென்சில் எழுத்தை அழிக்கிற கட்டியின் படம் வந்தது.

"ரப்பர்," என்றாள் அம்மா.

அந்தப் பெண் கைதட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷம் பால்மரத்தைச் சாய்வாக வெட்டி ரப்பர் பால் எடுத்தவளுக்குத் திரும்பிவந்த முதல் சொல் அது.

மரத்துக்கும் இந்தக் கட்டிக்கும் ஏன் ஒரே பெயர்? வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் படித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேன்க்கா. அப்புறம் பேசுறேன் லா."

அவன் கூப்பிடவில்லை. கஞ்சி ஊட்டும்போது அம்மாவிடமே சொன்னேன். "இங்கிலீஷ்ல 'ரப்'னா தேய்க்கிறதும்மா. அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க பென்சில் எழுத்த ரொட்டித் துண்டால அழிச்சாங்களாம். அப்புறம் நம்ம மரத்துப் பால் காஞ்ச கட்டியால தேய்ச்சா நல்லா அழியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. தேய்க்கிறதால ரப்பர்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி மறுத்தாள். வலது கை விளங்காததால் இடது கையைத் தூக்கி, காற்றில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டினாள். "ரப்பர்!"

"இல்லம்மா, தேய்க்கிறது."

மறுபடி வெட்டினாள். கஞ்சி என் சட்டையெல்லாம் தெறித்தது. அவளோடு சண்டை போட்டு எத்தனை நாளாகிவிட்டது! "சரி தாயே, வெட்டுறதுதான்," என்றேன். கோணிய வாயால் சிரித்தாள்.

அதன் பிறகு சோறு, தண்ணி, போ என்று சில சொற்கள் வந்தன. என் பெயர் வரவே இல்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தம்பி சிங்கப்பூருக்கு வந்துவிடச் சொல்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்தால் முதலில் டிவியைப் போடுகிறேன், பிறகுதான் விளக்கு.