கழுவப் போன படம்

போன வாரம் பேத்தி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தாத்தா, நாங்க எடுத்த படம், பத்து நிமிஷம்தான், பாருங்க" என்றாள். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறவள். வான்வெளியில் கப்பல் விட்டுச் சண்டை போடும் ஆங்கிலப் படம் ஒன்று பாகம் பாகமாக இன்னும் வந்துகொண்டிருக்கிறதே, அதன் ரசிகப் பிள்ளைகள் சேர்ந்து, அந்தக் கதைக்குள்ளேயே தாங்களாக ஒரு கதை கட்டி எடுத்திருக்கிறார்கள். வெடித்துக் கிடக்கும் ஒரு கிரகம். அதில் வெள்ளிச் சட்டைக்காரன் ஒருவன் தள்ளாடிப் போகிறான். பார்த்ததும் எனக்கு மூக்கில் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை அடித்தது. "என்ன தாத்தா, நல்லால்லையா?" என்கிறாள். நல்லாயில்லாமல் என்ன, இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

அந்தப் பசை தீப்பெட்டி ஒட்டுகிற பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தத்தைப் பொடி பண்ணிப் போட்டுக் காய்ச்சுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அந்த வாசனைதான். நான் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் படம் வரைகிறவன். ஓவியர் என்று நானே சொல்லிக்கொள்வேன். முதலாளி "கிளி போடுற பய" என்பார். சீனி என் சோட்டுக்காரன், ஒரே வயசு. தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல்காட்டு ஊர். அப்பா இல்லை. அம்மா ராமலச்சுமி, நாலு ஏக்கர் புஞ்சை, இரண்டு வருஷமாகப் பொய்த்துப்போன மழை, இவ்வளவுதான் அவன் குடும்பம்.

அந்த ஆங்கிலப் படம் ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து எங்கள் டாக்கீஸுக்கு வந்தபோது பாதி நேரம் திரையில் கோடு கோடாக மழைதான் பெய்தது. ஊருக்குப் பெய்யாத மழை. இங்கிலீஷ் எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் சீனிக்கு ஒரு காட்சி மண்டைக்குள் ஏறிவிட்டது. வறண்ட கிரகம் ஒன்றில் சாதாரணச் சிப்பாய்கள் இரண்டு பேரை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். அப்புறம் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

"அந்த ரெண்டு பேரும் என்னலே ஆனான்வ?" என்று டீக்கடையில் கேட்டான். இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் சொல்லவில்லை. சீனிக்குப் பொறுக்கவில்லை. "அவன்வ சொல்லலேன்னா நான் சொல்லுதேன்" என்றான்.

சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெட்ராஸில் சினிமா சொல்லிக்கொடுக்கிற பள்ளியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், தீபாவளி கழிந்து. சொந்தமாக எடுத்த படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிடும். "இத விட்டா செத்தாலும் மருந்து முக்கிட்டுத்தாம்லே கெடக்கணும்" என்பான். விரல் நுனியெல்லாம் மருந்து ஏறித் தடித்திருக்கும்.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சேவியர் அண்ணாச்சியிடம் ஒரு குட்டி சினிமா கேமரா இருந்தது. கப்பலில் வேலை பார்த்த மச்சினன் கொண்டுவந்தது. மூன்று நிமிஷம் ஓடும் ரீல் இரண்டே இரண்டு. எடுத்த ரீலை மருந்தில் கழுவிப் படமாக்கப் பம்பாய்க்குத்தான் அனுப்ப வேண்டும். விண்வெளிச் சட்டையை நானும் சீனியும் ஜிகினாத் தாளை அந்தத் தீப்பெட்டிப் பசையால் கோணிச்சாக்கில் ஒட்டிச் செய்தோம். தலைக்கவசம் ஒரு மண்கலயம். காலுக்கு, மில்லில் வாட்ச்மேனாக இருந்த அவன் அப்பாவுக்கு அங்கே கொடுத்த பூட்ஸ், வெள்ளையடித்தது. கிரகத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. சீனி ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அண்ணாச்சி படம் பிடிப்பார். வெளிச்சம் திருப்புவதற்காக வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது என் உத்தியோகம்.

ஐப்பசி பிறந்தும் வெயில் தணியவில்லை. மேற்கே ஒரு மேகம் தலைகாட்டினால் ஊர் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். சீனி மட்டும் "இன்னும் நாலு நாளு பெய்யாம இரு, சாமி" என்று முணுமுணுப்பான். மழை விழுந்தால் வெடிப்பு மூடிவிடும், கிரகம் போய்விடும். வாசலில் அவன் அம்மா விதைப்பருத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதே மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

உயிரோடிருக்கிற சிப்பாயாகச் சீனி நடித்து முடித்தான். தண்ணீரைக் கண்டுபிடிக்கிற கடைசி ஷாட் மட்டும் பாக்கி. அதற்கு முன்னால் செத்த கூட்டாளியைக் காட்ட வேண்டும். இருந்தது ஒரே சட்டை. அதற்குள் வைக்கோலைத் திணித்து, கலயத்தைத் தலையாக வைத்து, பூட்ஸை மாட்டி, கண்மாய்க்குள் கிடத்தி எடுத்தோம். பிறகு அப்படியே போட்டுவிட்டு, கஞ்சி குடிக்கப் போனோம்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி இழுப்பார்கள். யாரோ ஒரு மகாபாவியால்தான் வானம் மூடிக்கொண்டது என்று நம்பிக்கை. வைக்கோலில் அவனுக்கு உருவம் செய்து, செத்தவனாகப் பாவித்து, தெருத்தெருவாகக் கயிறு கட்டி இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு சுடுகாட்டில் எரிப்பது. நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கண்மாய்ப் பக்கம் போனவர்கள் எங்கள் சிப்பாயைப் பார்த்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கொடும்பாவியை இழுத்துவிட்டு, எரிக்காமல் சீனி ஊர் எல்லையில் போட்டுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். "அவுக பாவத்த நம்ம தலையில கெட்டிட்டாவளே!" என்று ஒரே கூச்சல். நாமே இழுத்து எரித்தால்தான் தீரும் என்றார்கள். நாங்கள் ஓடிப்போனபோது சிப்பாயின் கழுத்தில் கயிறு விழுந்திருந்தது.

எதிரே வந்த கூட்டத்தில் முதல் ஆளாக மாரடித்துக்கொண்டு வந்தது சீனியின் அம்மா. அந்த அழுகையை எப்படிச் சொல்ல? நடிப்பு இல்லை அது. புருஷன் செத்த அன்று அழுததைவிட அதிகம் அழுதார் என்று ஊரில் சொன்னார்கள். அண்ணாச்சி தடுக்கப் போனார். சீனி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஊரே அழுவுது அண்ணாச்சி. எப்பிடி நிப்பாட்ட?" ஜிகினாத் தாள் தெருவெல்லாம் உதிர்ந்தது. கலயம் கோயில் முக்கில் உடைந்தது. அந்தி சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

வீட்டில் சீனி கேட்டான். "என் சட்டைன்னு ஒனக்குத் தெரியலயாம்மா?"

"தெரியாமலா? ஒங்கய்யா பூட்ஸு எனக்குத் தெரியாதாக்கும்."

"பெறவு ஏம்மா சும்மா இருந்த?"

அந்த அம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வானத்தப் பாத்து நீ என்னத்த வேண்டிக்கிட்டுத் திரிஞ்சன்னு எனக்குத் தெரியும்லே. நெசத்துக்கு ஒன்னைய இழுக்க முடியாதுல்லாய்யா. அதான், சட்டையோட போவட்டும்னு விட்டேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாலைந்து நாளில் மழை பிடித்தது. என்ன மழை! ஊர் கூத்தாடியது, கண்மாய் குழைந்து சேறாகிவிட்டது. ரீலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சீனி கேமராவை வாங்கிக்கொண்டு புஞ்சைக்குப் போய், சேலையை வரிந்துகட்டி நனைந்த மண்ணில் விதை போட்டுக்கொண்டிருந்த அம்மாவை எடுத்தான். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சி இரண்டு ரீலையும் பம்பாய்க்குப் பார்சல் போட்டார். நேர்காணல் நாள் வந்தது, ரீல் வரவில்லை.

மெட்ராஸ் போனவன் திரும்புகிற வழியில் கோவில்பட்டியில் இறங்கவில்லை. மணியாச்சி ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று ரயில்வேயில் இருந்த அண்ணாச்சியின் சொந்தக்காரர் சொல்லியனுப்பினார். ஓடினேன்.

"ஊருக்கு வாலே" என்றேன்.

"எப்பிடி வர? நான் வேண்டாம்னு சொன்ன மழையில எல்லாம் பச்சையா இருக்கும்லா." தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னான். "ஒன் படம் எங்கன்னு கேட்டாவ, அந்தப் பள்ளிக்கூடத்துல. கழுவப் போயிருக்குன்னேன். சிரிச்சாவலே."

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. "நான் பம்பாய் போறேன். ரீல வாங்கிட்டு வாரேன். அம்மைட்ட சொல்லிரு" என்றான். சொன்னேன்.

அவன் வரவில்லை. படம் கழுவுகிற அந்தக் கடையை அப்போதே இழுத்து மூடிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அண்ணாச்சி ஆள்விட்டுத் தேடினார். பம்பாயில் எங்கே போய்த் தேட? அந்த வருஷம் ராமலச்சுமி அம்மாவின் புஞ்சையில் பருத்தி அப்படி வெடித்தது, பார்த்தவர்கள் கண் வைத்தார்கள். அந்த அம்மா எடுக்கவே இல்லை. காட்டிலேயே காற்றோடு போனது. என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஏய்யா, பம்பாய்ல மழயா?" சாகும்வரை கேட்டார்.

இப்போது அந்தப் புஞ்சையில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். கண்மாய்க்குள் வேலிக்கருவை. டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. கொடும்பாவி இழுக்க யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தாச்சு. நாங்கள் எடுத்த படத்தை நாங்கள் மூன்று பேருமே பார்த்ததில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் எங்கே சொல்ல? நானும் இப்படி ஒன்று எடுத்திருக்கிறேன் என்று மட்டும் வாயைவிட்டேன். துள்ளிக் குதித்தாள்.

"ஐயோ தாத்தா, எங்க இருக்கு? காட்டுங்க!"

"கழுவப் போயிருக்கும்மா" என்றேன்.