சிவப்புக் கோடு போட்ட வாளியைப் பார்க்கச் சிதம்பரம் போனேன்

2010 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை, ஒரு வாளியைப் பார்க்க.

கடலூரில் வலை பின்னும் கம்பெனி ஒன்றின் கேன்டீன் என் பொறுப்பு. படிப்பு எட்டாவதோடு நின்றாலும் என்னைக் கேட்காமல் இந்த ஊரில் ஒரு கேன்டீன் அடுப்பும் எரியாது. ஆனாலும் எங்களிடம் தினமும் குண்டான் குண்டானாய்ச் சோறு குப்பைக்குப் போகிறதே என்று முதலாளிக்கு வருத்தம். சிதம்பரத்தில் ஒரு தையல் கம்பெனியின் கேன்டீனை நடத்துவது என் மனைவியின் தம்பி செல்வம். அங்கே ஒரு வாளி வைத்த பிறகு சோறு வீணாவதே இல்லையாம். "போய்ப் பார்த்துட்டு வாய்யா" என்றார் முதலாளி. வகுப்பெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பது மணிப் பேருந்து, நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். காலையில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். வெள்ளாற்றுப் பாலத்தில் ஓட்டுநர் என்னிடம் யோசனை கேட்டுத்தான் கியர் மாற்றினார். சிதம்பரத்தில் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் பேசினேன்.

"என்னா வேலையா சார் போறீங்க?"

"கம்பெனிக்காரங்களுக்கு வகுப்பெடுக்க."

"அப்ப நாப்பதா குடுங்க."

கொடுத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருந்தது அந்த வாளி. உள்ளே பாதி உயரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. இலையில் மிஞ்சியதை இதில் வழித்துவிட்டு, வெறும் இலையைத் தனிக் கூடையில் போட வேண்டும். மாதம் முழுக்க ஒருநாள்கூடக் கோட்டைத் தாண்டாவிட்டால், மிச்சப்பட்ட அரிசிக் காசில் கடைசிச் சனிக்கிழமை பிரியாணி.

"நாளைக்குத்தான் மாமா பிரியாணி. இன்னிக்கு ஒருநாள் கோட்டுக்குக் கீழ நின்னுட்டா போதும்" என்றான் செல்வம். தையல்காரப் பெண்கள் எண்பது பேர் இருப்பார்கள். எல்லார் வாயிலும் அதே பேச்சு.

என்னை நடுவில் உட்கார வைத்து இலை போட்டார்கள். சோற்றை எப்படி வீணாக்காமல் இருப்பது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். இளவயதில் நாற்பது இட்லியை ஒரே மூச்சில் முடித்ததையும் சொன்னேன். நான் பேசப் பேச, பரிமாறிய பெண் போட்டுக்கொண்டே இருந்தாள். கையை நீட்டித் தடுக்க வேண்டியவன், அந்தக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் இலையில் ஒரு மலை.

பாதிதான் இறங்கியது. மீதியோடு இலையை மடித்தேன், ஒன்றும் மிஞ்சாதவன் மாதிரி. நேராகக் கூடைப் பக்கம் நடந்தேன்.

"மடிக்கக் கூடாதுங்க, பிரிங்க" என்றார் வாளிக்குக் காவலாக நின்ற கமலா என்ற பெண்மணி. நான் சிரித்துச் சமாளித்தேன். அவரே வாங்கிப் பிரித்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. வாளியில் கோட்டுக்கு இரண்டு விரல்தான் பாக்கி.

"ஐயோ, எங்க பிரியாணிய மடிச்சு எடுத்துட்டுப் போறாரு பாருடி!" என்றது பின்னால் ஒரு குரல்.

"இன்னும் வாளியில போடல. உக்காந்து சாப்ட்ருங்க. நாப்பது இட்லி ஆளாச்சே" என்றார் கமலா.

மறுபடி உட்கார்ந்தேன். எண்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஆறு கவளம் போனது. ஏழாவது தொண்டையிலேயே நின்றது. மணி அடித்தது. எல்லாரும் தையல் மெஷினுக்குப் போக வேண்டும். மிச்சத்தை வாளியில் நானேதான் வழித்தேன். கோடு மறைந்தது.

"நாளைக்குப் பிரியாணி என் செலவு" என்றேன்.

"உங்க காசுல தின்னா அப்புறம் கோடு எதுக்குங்க?" என்றார் கமலா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆட்டோ வரைக்கும் வந்த செல்வம், "அக்காகிட்ட சொல்ல மாட்டேன் மாமா" என்றான். அதற்குத்தான் எனக்குக் கண் கலங்கியது. ஊர் திரும்பும்வரை பேருந்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, இது மட்டும் சத்தியமான உண்மை.

உங்கள் கம்பெனிக்கும் இப்படி ஒரு வாளி வேண்டுமென்றால் அவசியம் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், ஆட்டோவில் எதற்குப் போகிறீர்கள் என்று சொல்லாதீர்கள். சோறு போடும்போது பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பாருங்கள். கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், தயவுசெய்து. அவர்கள் ஏற்கெனவே ஒரு மாதம் காத்திருந்தவர்கள்.