எண்ணூர் அளத்தில் ஒரு பொய்க்குரல்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ராயபுரத்தில் வீட்டு வாசலில் ரிக்‌ஷா ஏறும்போதே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ, கையில் குடை. துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் இந்தக் கோலத்தில் தெருவைக் கடப்பதற்கே துணிச்சல் வேண்டும். டாக்டர் என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நடக்கத்தான் சொல்லியிருந்தார். ஓடச் சொன்னவர் காசிம் பாய். என் மனைவி கதவருகே நின்று, எங்கேயாவது விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் விதி எண் சொல்லிப் பழகிய எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

காசிம் பாய் தண்டையார்பேட்டையில் மரவாடி வைத்திருப்பவர். வயதில் எனக்கு இளையவர்; எடையில் என்னைப் போல் இரண்டு பேர். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் காத்திருந்தார். ரிக்‌ஷாவுக்கு ஆறணா, எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்றணா. ஏழு மைல் தூரத்தைப் பாசஞ்சர் வண்டி தன் இஷ்டப்படி கடந்தது. எதிரே காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மாள் எங்கள் முழங்கால்களை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னா நைனா, போலீஸ் வேலைக்குப் பரீட்சையா?"

ஓட்டப் பந்தயம் என்றார் பாய்.

"ஓட்றதுக்குக் குடை எதுக்கு?"

வெயிலுக்கு என்றேன். அவள் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்ல, திருவொற்றியூர்க் கோபுரம் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். அதற்கப்பால் ஆலைப் புகை. பிறகு கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள், ஆளில்லாத ஊர் மாதிரி.

எங்கள் ஓட்டச் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறும்போது விட்டுப்போன பழக்கங்களில் இதுவும் ஒன்று. ஒருவன் முயல். அவன் முன்னதாகப் புறப்பட்டு, வழிநெடுகக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். மற்றவர்கள் வேட்டை நாய்கள். காகிதத்தைத் தேடிப் பின்னால் ஓட வேண்டும். ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த முதல் பதவி இந்த வேட்டை நாய்ப் பதவிதான். விதிகளை எழுத்தில் தரும்படி கேட்டேன். சங்கத் தலைவர் டெஸ்மண்ட், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் ஆங்கிலோ இந்தியர், எழுத்தில் எதுவும் இல்லை என்று கையை விரித்தார். வாயால் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டேன். காகிதத்தைக் கண்டவன் "ஆன் ஆன்" என்று கூவ வேண்டும். எல்லோரும் அவனிடம் ஓடுவார்கள். வழி தவறியவன் "ஆர் யூ" என்று கத்த வேண்டும். முன்னால் போகிறவர்கள் பதில் தர வேண்டும். காகிதத்தைப் பார்க்காமல் "ஆன் ஆன்" என்று கூவுவது பெரிய குற்றம்.

நாலரைக்கு ஸ்டேஷனுக்குப் பின்புறத்திலிருந்து முப்பது பேர் புறப்பட்டோம். கால்மணி நேரத்தில் இருபத்தெட்டுப் பேரின் முதுகும் கண்ணுக்கு மறைந்தது. மார்புக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஓடுவதை நிறுத்தி நடந்தேன். பாயும் நடந்தார், எனக்காக நடப்பதுபோல. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் காகிதம் ஒழுங்காகக் கிடந்தது. கால்வாயைத் தாண்டி உப்பளத்து வரப்பில் ஏறியதும்தான் விஷயம் புரிந்தது. பாத்திகள் வெள்ளை. வரப்பெங்கும் சிந்திய உப்பு வெள்ளை. ஓரத்தில் காய்ந்த நுரை வெள்ளை. இதற்கு நடுவே வெள்ளைக் காகிதம் போட்ட முயலின் புத்தியை என்ன சொல்வது! அளத்து ஆட்கள் வேலை முடித்துப் போய்விட்டிருந்தார்கள். காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

கடல்நீரை அளத்துக்குக் கொண்டுவரும் ஓடை ஒன்று குறுக்கே வந்தது. அப்போது அதில் தண்ணீர் இல்லை. வெடித்துக் காய்ந்த சேறு, அதன்மேல் வரிசையாக வெள்ளைத் துண்டுகள். காகிதம்தான் என்று விரலை நீட்டிச் சொன்னேன். ஆனால் நேரில் சோதிக்காமல் சான்று கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். எடுத்துப் பார்த்துச் சொல்லும்படி பாயை அனுப்பினேன்.

நாலாவது அடியில் மேலோடு உடைந்தது. முழங்கால் வரை போனார். அந்தக் காலை இழுக்க மற்றக் காலை ஊன்றினார், அதுவும் போயிற்று. கையில் எடுத்த துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு சார்" என்றார். முதலில் இருவரும் சிரிக்கத்தான் செய்தோம்.

குடையின் வளைந்த பிடியை நீட்டினேன். அவர் பிடித்து இழுத்ததில் கம்பிகள் பிய்ந்து வந்தன, நானும் வரப்பிலிருந்து சரிந்தேன். மறுபடி ஏறி நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். ஓடையின் நடுவில் விரல் அகலத்துக்குத் தண்ணீர், கடல் பக்கமிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓதம் ஏறுகிறது. வேகமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆர் யூ" என்று கத்தினேன். விதிப்படி. பதில் இல்லை. மறுபடி கத்தினேன். வடக்கே வெகுதூரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு விதியை விட்டு, ஆள் முழுகுகிறான், காப்பாற்றுங்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கத்தினேன். மார்புக்குள் தட்டிக்கொண்டிருந்தவன் இப்போது உதைத்தான். தண்ணீர் பாயின் இடுப்புக்கு வந்துவிட்டது. அவர் கலிமா சொல்ல ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சார், நீ போய்டாத. இங்கியே நில்லு."

ஆளைத் தேடி ஓடலாமா என்று அந்தக் கணம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஆன் ஆன்" என்று கூவினேன். இன்னொரு முறை, இன்னும் உற்சாகமாக, பத்துக் காகிதம் ஒன்றாய்க் கண்டவனைப்போல.

வரப்புகள்மேல் தலைகள் தெரிந்தன. எங்கள் இருவரைத் தவிர மற்ற இருபத்தெட்டுப் பேரும் வந்தார்கள், கூடவே முயலும். முன்னால் வந்த டெஸ்மண்டுக்கு முகமெல்லாம் கோபம்.

"யார் மேன் கூவுனது? பேப்பர் எங்க கீது?"

நான் ஓடையைக் காட்டினேன். தண்ணீர் பாயின் மார்புக்கு வந்திருந்தது. டெஸ்மண்ட் ஓடையோரத்து மதகுக்கு ஓடினார். மதகுப் பலகையைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தார். அவர் காலை ஒருவன் பிடிக்க, அவனை இன்னொருவன் பிடிக்க, வரப்பு வரைக்கும் மனிதச் சங்கிலி. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு பாயை விட்டது. ஷூக்களை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆறரைக்கு ஸ்டேஷன் அருகே வட்டமாக நின்றார்கள். குற்றவாளி நடுவில் நிற்க, மற்றவர்கள் பாட, ஒரு குவளை பீரை ஒரே மூச்சில் குடிப்பது பழைய தண்டனை. மதுவிலக்குக்குப் பிறகு அது கோலி சோடாவாக இளைத்துவிட்டது. காகிதம் பார்க்காமல் கூவிய குற்றத்துக்காக நான் குடித்தேன். பாதியைப் பாய் பிடுங்கிக் குடித்தார். முதலில் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டேன். முயலாக ஓடியவன் வியாசர்பாடிக் குத்துச்சண்டைக்காரன். ஒளிக்காமல் சொன்னான்.

"கேட்டுச்சு நைனா. கடசீல வர்றவங்கோ எப்பவும் அப்டித்தான் கத்திகினு கீறாங்கோ."



திரும்பி வந்த வண்டியில் பாய் ஜன்னலோரம் வெறுங்காலோடு தூங்கினார். நான் தூங்கவில்லை. எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். சென்ற மாதம் எதிர்வீட்டில் யாரோ "ஐயோ" என்று அலறியபோது நானும்தான் ஜன்னலைச் சாத்தினேன். ஆனால் விடியற்காலையில் குழாயடியிலிருந்து ஒரு குரல் எழும்பினால், குடத்தோடு வராத வீடு உண்டா?

மறுநாள் காலையில் மனைவியிடம் அவளுடைய கேள்விக்கு விடை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன். எனக்கு மார்பு வலித்தால் வாசலில் நின்று அழக்கூடாது, என் பெயரைச் சொல்லக்கூடாது. "குழாயில தண்ணி வந்துடுச்சு" என்று உரக்கக் கூவ வேண்டும்.

காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "பொய்னு தெரிஞ்சதும் எல்லாரும் என்னைத் திட்ட மாட்டாங்களா?"

"திட்டட்டும். வந்தப்புறம் திட்டட்டும்" என்றேன்.