கப்பலுக்குக் கட்டிய மூட்டை

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் பயணப் பைகளைச் சோதிக்கும் மேசைக்கு எங்கள் முறை வந்தபோது, அம்மாவின் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு சிறிய மண்ணெண்ணெய்க் குக்கர். அதன் பின்னே ஒரு சட்டி, அரிசிப் பொட்டலம், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டிய காணி உறுதிப் பத்திரம். எங்களுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்து நின்றவர்கள் உல்லாசப் பயணத்துக்கு வந்தவர்கள். நாங்களும் அதற்குத்தான் வந்திருந்தோம்.

சோதித்த இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மா, கப்பலிலை அடுப்பு மூட்டேலாது. மூண்டு நேரமும் சாப்பாடு தருவினம்,” என்றார்.

“தருவினம் எண்டு சொன்னவையைக் கனபேரைக் கண்டிட்டன், தம்பி,” என்றார் அம்மா.

குக்கரும் நெருப்புப்பெட்டியும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன. மற்றவை எங்களோடு கப்பலேறின.

பயணத்தை ஒழுங்கு செய்தவன் நோர்வேயில் குடும்பத்தோடு இருக்கும் என் தம்பி. பருத்தித்துறை முனையைச் சுற்றிக் கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை வரை போய், மூன்றாம் நாள் திரும்பும் கப்பல். அப்பா, அம்மா, தனியாக வந்திருந்த தம்பி, நான். விடுமுறை என்று சொல்லி நாங்கள் குடும்பமாக எங்கும் போனதில்லை. உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற வீட்டுக்கு விடுமுறை ஏது? கடலைக் காண்பதே கீரிமலையில்தான், அதுவும் யாருடைய அந்தியேட்டிக் கிரியைக்காவது போனால். ஆனால், வீட்டைப் பூட்டிவிட்டுப் போன அனுபவம் எங்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த ஐப்பசியில் நாங்களும் நடந்தோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா அதை நம்பி, வடித்த சோற்றை மூடி வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, வெறுங்கையோடு வந்தார். நாங்கள் திரும்பி வந்தது சித்திரையில். பூட்டு மட்டுமல்ல, அது தொங்கிய கதவும் இருக்கவில்லை. ஜன்னல்கள் இல்லை. கூரையில் ஓடு இல்லை.

அதன் பிறகு அம்மா ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. தம்பியின் கலியாணம் நோர்வேயில் நடந்தது, அம்மா போகவில்லை. மூத்த பேரப்பிள்ளை பிறந்தபோது விசா, ரிக்கற் எல்லாம் வந்துவிட்டன. புறப்படவிருந்த கிழமையில், “நான் போனால் வீட்டை ஆர் பாக்கிறது?” என்று மறுத்துவிட்டார். இந்த முறை வந்தபோது தம்பி நோர்வே என்ற பேச்சையே எடுக்கவில்லை. கிணற்றடியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னான்: “அக்கா, ரெண்டே ரெண்டு இரவு. அம்மா கப்பலிலை ரெண்டு இரவு நிண்டிட்டாவெண்டால், ஒரு நாளைக்கு அங்கையும் வருவா. இதுவும் சரிவராட்டி நான் இனிக் கேக்கமாட்டன்.”

கப்பலில் எங்களுக்குத் தந்த அறை சிறியது. வட்டமான ஜன்னல், சலவை மணக்கும் வெள்ளை விரிப்புகள். அம்மா கட்டிலின் நுனியில், செருப்பைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“அம்மா, உடுப்பை எடுத்து அலுமாரிக்குள்ளை வையுங்கோவன்,” என்றான் தம்பி.

“வெளிக்கிடேக்கை திருப்பி அடுக்கிறது கரைச்சல்.”

அறையில் இருந்த கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து அப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “உவவுக்கு என்னத்துக்கு அலுமாரி? ஒரு பங்கர் வெட்டிக் குடுங்கோ, நிம்மதியாய் இருப்பா,” என்றார்.

“உங்களுக்கு எல்லாம் பகிடி,” என்று சொல்லிக் கோப்பையை வாங்கிய அம்மா, அதை வாயில் வைக்குமுன் அபாயச் சங்கு ஊதியது.

கப்பல் புறப்படுமுன் ஒரு பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் என்று மூன்று மொழிகளிலும் முன்பே அறிவித்திருந்தார்கள். பையிலேயே கவனமாக இருந்த அம்மா அதைக் கேட்கவில்லை. நாங்கள் வாய் திறப்பதற்குள் கோப்பை மேசைக்குப் போய்விட்டது. ஒரு கையில் பை, மறு கையில் அப்பாவின் மணிக்கட்டு. முழங்கால் வலியென்று படியேறத் தயங்குகிறவர் வாசலில் நின்று கட்டளையிட்டார்: “பிள்ளை, நீ முன்னாலை நட. தம்பி, லைற்றை நூத்துப்போட்டு வா.” பக்கத்து அறை வாசலில் ஓர் இளம் தம்பதி உயிர்காப்பு அங்கியோடு ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். “படம் பிறகு எடுக்கலாம். வாங்கோ, வாங்கோ,” என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டார். மேல்தளத்தில் குறித்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். அங்கே நின்ற பணிப்பெண், “இவ்வளவு கெதியாய் ஒருத்தரும் வாறேல்லை,” என்று பாராட்டினார்.

“அவவுக்குப் பழக்கம்,” என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில், ஒத்திகை முடிந்தது, எல்லோரும் அறைகளுக்குத் திரும்பலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் சிரித்துப் பேசியபடி கலைந்தது. அம்மா மட்டும் நகரவில்லை.

“முடிஞ்சுதோ, பிள்ளை?” என்று பணிப்பெண்ணைக் கேட்டார்.

“ஓம், அம்மா.”

“திரும்பிப் போகலாமோ? அதே அறைக்கோ?”

“ஓம், அம்மா. வைச்சது வைச்சபடி இருக்கும். போங்கோ.”

அந்தக் கேள்வியைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் வாழ்வில் சங்கும் ஒலிபெருக்கியும் வெளிக்கிடு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கின்றன. இனித் திரும்பிப் போ என்று அன்றைக்கன்றே சொன்னதை அம்மா அதுவரை கேட்டதில்லை. அவர் எங்களுக்கு முன்னால் வேகமாக இறங்கிப் போனார். நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது மேசையருகே நின்று கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“இஞ்சாருங்கோ,” என்றார் அப்பாவிடம். “தேத்தண்ணி இன்னும் ஆறேல்லை.”

அம்மா அதைக் குடித்து முடித்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். மாலைக்குள் அவருடைய சேலைகள் அலுமாரிக்குள் போயிருந்தன. காணி உறுதி மட்டும் பையிலேயே கிடந்தது.

கப்பல் புறப்பட்டதும் மேல்தளத்தில் நின்றோம். எங்கள் குடாநாடு கடலிலிருந்து பார்க்க இவ்வளவு தட்டையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய கோடு, அதன்மேல் பனைகள். பருத்தித்துறை வெளிச்சவீடு கடந்ததும் வடமராட்சி கிழக்கின் மணற்றிட்டிகள் மாலை வெயிலில் மஞ்சளாகின. “எங்கடை வீடு எந்தப் பக்கம்?” என்று அம்மா கேட்டார். தம்பி கையை நீட்டிக் காட்டினான். அந்தப் பக்கம் பனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, கதிரையைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை திருகோணமலைக் குன்றுகள் பச்சையாக எழுந்துவந்தன. கோணேசர் மலையைக் கண்டு தளத்தில் நின்ற பலர் கைகூப்பினார்கள். அம்மாவும் கூப்பினார். அவர் நன்றாகத் தூங்கியிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

வீடு திரும்பியதும் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு, கொடியில் உடுப்புக் காயப்போட்டபடி, யாருடைய முகத்தையும் பாராமல் கேட்டார்: “அங்கை பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட லீவு எப்ப?” தம்பி உடனே வேலியோரமாகப் போய், மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான்.

இது போன வருஷக் கதை. இப்போது அம்மாவும் அப்பாவும் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். நான் வீட்டில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அம்மா போட்ட ஒரே நிபந்தனை. முதல் வாரங்களில் தினமும் பேசுவார். முன்கதவு, பின்கதவு, கிணற்று மோட்டர் என்று ஒழுங்காக விசாரிப்பார். போன ஞாயிற்றுக்கிழமையும் பேசினார்.

“இஞ்சையும் தம்பி கப்பலிலை ஏத்திக்கொண்டு போனவன், பிள்ளை. ரெண்டு பக்கமும் மலை, உச்சியிலை பனி. சின்னவள் என்ரை மடியை விட்டு இறங்கேல்லை. கொப்பர் குளிரிலை நடுங்கிக்கொண்டும் பகிடி விடுறார்.”

கதவுகளைப் பற்றி அவர் கேட்கவில்லையே என்று நானாகவே தொடங்கினேன். பின்கதவின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது, எண்ணெய் விட்டுச் சரிசெய்துவிட்டேன் என்று.

“அது கிடக்கட்டும்,” என்றார் அம்மா. “நீ என்னத்துக்கு உங்கை தனியக் குந்திக்கொண்டிருக்கிறாய்? வீட்டைப் பூட்டிப்போட்டு நாலு நாளைக்கு எங்கையாவது போட்டு வா.”