வெளியே போகும் அம்பு

ஜாக்ரெப் ரயிலில் எல்லைப் போலீஸாக இருபத்திரண்டு வருடம் ஏறி இறங்கியவள் நெவென்கா. குரோவேஷியா முடிந்து ஸ்லோவேனியா தொடங்கும் சுட்லா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், அவள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்து முடித்தாக வேண்டும். பொய் சொல்கிறவன் எச்சில் விழுங்கினால் சக்கரச் சத்தத்தை மீறி அது அவளுக்குக் கேட்கும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஆளை அவள் கவனித்தது ஒரு வியாழக்கிழமை மதிய ரயிலில். பழுப்புக் கோட்டு, பை எதுவும் இல்லை. பெயர் ராடிவோய், செர்பியப் பாஸ்போர்ட். முத்திரை குத்தப் பக்கத்தைப் புரட்டியவள் நின்றுவிட்டாள். வாரம் தவறாமல் முத்திரைகள். எல்லாவற்றிலும் நாட்டை விட்டு வெளியே போகும் அம்புக்குறி. உள்ளே வரும் அம்பு ஒன்றுகூட இல்லை.

"திரும்பி எந்த வழியா வர்றீங்க?"

"வர்றதே இல்லைங்க மேடம். போறேன், அவ்வளவுதான்."

"போன வாரம் போனவரு இந்த வாரமும் போகணும்னா, நடுவுல ஒரு தடவை வந்துதானே ஆகணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுப் பாக்கறேன்."

அவன் எச்சில் விழுங்கவில்லை. அவன் மூச்சு விடும் சத்தமே தனக்குக் கேட்கவில்லை என்பது அடுத்த பெட்டிக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வேற செக்போஸ்ட்ல எவனாவது தூங்குமூஞ்சி குத்த மறந்திருப்பான்" என்று சிரித்தான் கூட்டாளி திஹோமிர். ஆனால் கணினியிலும் ராடிவோய் உள்ளே வந்த பதிவு இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சோதிக்கும் ஸ்லோவேனியப் போலீஸுக்குப் போன் செய்தார்கள். ராடிவோய் உட்காரும் இருக்கை எப்போதும் காலியாகத்தான் வருகிறது என்றான் அங்கிருந்த போலீஸ்காரன். திஹோமிர் அதன் பிறகு அந்தப் பெட்டிக்குள் போகவில்லை.

டிசம்பரின் கடைசி வியாழன் வந்தது. குரோவேஷியா ஐரோப்பாவின் திறந்த எல்லைக் கூட்டமைப்பில் சேர்வதால், ஜனவரி பிறந்தால் அந்த எல்லையில் சோதனை கிடையாது.

"இனிமே பாஸ்போர்ட் வேண்டாமாமே?" என்றான் ராடிவோய்.

"கையில வெச்சிருக்கணும். ஆனா கேக்க ஆள் வராது."

"அப்ப நான் போயிட்டேன்னு யாருக்குத் தெரியும்?" அவன் பாஸ்போர்ட்டை நீட்டினான். "இனிமே போறதுக்கும் சேத்து மிச்சப் பக்கத்துலயும் குத்திக் குடுத்துடுங்க மேடம். புண்ணியமாப் போகும்."

ஒரு நாளும் விதியை மீறாதவள், காலியாக இருந்த பதினோரு பக்கங்களிலும் குத்திக் கொடுத்தாள். ஏன் குத்தினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

புது வருடத்தில் அவளைச் செர்பிய எல்லைக்கு மாற்றினார்கள். அங்கே உள்ளே வருகிற ஒவ்வொரு பழுப்புக் கோட்டுக்காரனையும் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வரவில்லை.

ஏப்ரலில் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் இருக்கும் மகளைப் பார்க்க அதே வியாழக்கிழமை ரயிலில் பயணியாக ஏறினாள். பாதி வழியில் எழுந்து அந்தப் பெட்டிக்குப் போனபோது அவன் இருக்கை காலியாக இருந்தது. சற்று நேரம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். பாலம் நெருங்கும்போது எதிரே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள்.

"ஏங்க, அது ஆள் இருக்கற இடம். இப்பத்தான் எழுந்து உங்களைத் தேடிக்கிட்டுப் போனாரு."

"என்னையா?"

"போலீஸ்காரம்மா வருவாங்களான்னு ஜாக்ரெப்லேருந்து கேட்டுக்கிட்டே வந்தாரு. பக்கமெல்லாம் தீந்துபோச்சாம், இனி எப்படிப் போறதுன்னு ஒரே பொலம்பல்."

நெவென்கா அன்று சாதாரண உடையில்தான் இருந்தாள்.

ரயில் நின்ற முதல் நிலையத்திலேயே இறங்கி, மகளைக் காரோடு வரச் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் பஸ்ஸில்தான் போகிறாள். ரயிலைவிட அது சீக்கிரம் போகிறது என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.