பெருங்காய டப்பாவில் கல்கண்டு

என் அத்தை தெற்கு உத்திர வீதியில், யாரோ போட்டிருந்த கோலத்தின் மேல் சுருண்டு கிடந்தபோது, சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. உயிர் போகிற நிலையில் கிடந்த ஒருத்தியை ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறு கூட்டம் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றது. அப்படிப் பார்க்க வைத்தவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் மேல உத்திர வீதி வீட்டில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்து நான்கு வயது, ஒல்லி, நடந்தாலே ஓடுவது போல இருக்கும். கல்லூரியில் படிக்கும்போதே அவளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட, தினமும் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டிய வகை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், வெளியே வரும்போது தொடையைத் தேய்த்துக்கொண்டே வருவாள் என்பதுதான். கேட்டால் அம்மா, "சாமி கும்பிட்டுட்டு வர்றா" என்பாள். தொடையைத் தேய்க்க வைக்கும் சாமி எது என்று நானும் கேட்டதில்லை.

கல்யாணம் ஆகும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. ஆனால் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இனிப்பைத் தவிர்ப்பது லேசான காரியமா? ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வரும், இன்னொரு வீட்டில் அக்காரவடிசில் வரும். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தை விரதம். திங்கள் விரதம், வியாழன் விரதம், சனி விரதம், இடையில் யார் எதை நீட்டினாலும் அன்றைக்கு ஒரு திடீர் விரதம். என்னையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"யாராச்சும் அத்தைக்கு எதையாவது சாப்பிடக் கொடுத்தா என்ன சொல்லணும்?"

"அத்தை விரதம், ஒண்ணும் சாப்பிட மாட்டாங்கன்னு சொல்லணும்."

"சுகர் இருக்கான்னு கேட்டா?"

"இல்லைன்னு சொல்லணும்."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது திக்குகிற நான் இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பாவுக்கு அதில் பெருமை.

டாக்டர், அத்தையைத் தினமும் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார். அவளுக்கு ஓடப் பிடிக்கும். ஆனால் கல்யாண வயதுப் பெண் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு உத்திர வீதியில் ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. வேண்டுதல். மணப்பாறையிலிருந்து ஒரு வரன் வந்து பெண் பார்த்துப் பிடித்துப்போய், அடுத்த மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்த சமயம் அது. கல்யாணம் நல்லபடியாக நடக்க நாற்பத்தெட்டு நாள் நாலு உத்திர வீதியையும் மூன்று சுற்று சுற்றுகிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் மெதுவாகச் சொன்னாள். மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அத்தை கோயிலை வலமாகத்தான் சுற்றி ஓடினாள்; இடமாக ஓடினால் கதை நிற்காது. மூன்றாம் நாளே வாசல் தெளிக்கிறவர்கள் அவளைக் கண்டால் வாளியை ஓரமாக வைத்துவிட்டு வழிவிட்டார்கள்.

நான் சின்ன சைக்கிளில் பின்னால் போவேன். என் கூடையில் ஒரு பெருங்காய டப்பா இருக்கும். மூடி இறுக்கமாக நிற்கும் என்பதாலும், சமையலறையில் இருந்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பதாலும் அத்தை அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். உள்ளே கல்கண்டு. எவ்வளவு கழுவியும் டப்பாவின் வாசனை போகவில்லை. கல்கண்டு இனிக்கும், கூடவே கொஞ்சம் ரசம் மாதிரியும் இருக்கும். அந்தக் கலவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நான் கேட்ட உடனே கொடுக்கணும். இது எனக்கு மருந்து மாதிரி. நீ தினம் ஒண்ணு எடுத்துக்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். ஒரு மாதமாக அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காத மருந்து எதற்கு என்று நான் என் அளவில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அன்று ஏகாதசி. வழக்கமாக அத்தை ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடக் கிளம்புவாள். ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க நேரமாகும். நிஜ விரதக்காரர்களும் வீட்டில் உண்டு. அம்மா அதில் கறார். அத்தை ஒரு வாழைப்பழத்தை மட்டும் சாப்பிட்டாள். ஊசி மருந்தின் அளவை மட்டும் குறைக்கவில்லை. கணக்கு டீச்சர் அன்றைக்கு அந்த ஒரு கணக்கில் தவறிவிட்டாள். கிளம்பும்போது என்னிடம், "இன்னிக்கு டப்பாவ பத்திரமா வெச்சுக்க, என்ன?" என்றாள். தலையாட்டினேன்.

எனக்கும் பசி. முதல் சுற்றில் என் பங்கு ஒன்றை வாயில் போட்டேன். வடக்கு உத்திர வீதி திரும்பும்போது இன்னொன்று. அத்தை முன்னால் ஓடுகிறாள், பின்னால் நடப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றின் பாதியில், இனி கொஞ்சம் மிச்சம் வைக்கலாம் என்று ஒருமுறை தோன்றியது நன்றாக நினைவிருக்கிறது. தோன்றியதோடு சரி. மூன்றாவது சுற்றில் கீழ உத்திர வீதிக்கு வந்தபோது டப்பாவின் அடியில் தூள்தான் இருந்தது. விரலை நக்கி அதையும் ஒற்றியெடுத்தேன்.

இன்று நான் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். உடம்பு எதைக் கொண்டு ஓடுகிறது என்று தினமும் யாருக்காவது விளக்குகிறேன். ஓடத் தொடங்கிய முதல் சில நொடிகளுக்குத் தசை தன் கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். பிறகு தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை உடைக்கும். ஓட்டம் நீண்டால், உள்ளே போகும் மூச்சின் துணையோடு கொழுப்பையும் எரிக்கும், ரத்தத்திலிருந்தும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் குறைகிறதே என்று ஈரல் தன் சேமிப்பை அவிழ்த்துவிடும்; கணையமும் இன்சுலினைக் குறைத்துக்கொண்டு அதற்கு வழிவிடும். ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கு அந்த இங்கிதம் கிடையாது. அது குறையாது, ஈரலையும் கொடுக்க விடாது. அதுவும் தொடையில் போட்டுக்கொண்டு உடனே ஓடினால், ஓடும் காலில் ரத்தம் பாயப் பாய இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். தசை ஒரு பக்கம் இழுக்க, மருந்து ஒரு பக்கம் இழுக்க, மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரை கிடைக்காமல் போகும். இத்தனையும் அன்று என் கண்ணெதிரே நடந்தது. நான் கல்கண்டைச் சப்பிக்கொண்டு பார்த்தேன்.

முதலில் அத்தை கோணலாக ஓடினாள். பிறகு நின்று திரும்பி என்னைப் பார்த்து, "எதுக்கு என் பின்னாடியே வர்ற? போ" என்று எரிந்து விழுந்தாள். அவள் என்னை அதட்டியதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. தெற்கு உத்திர வீதிக்குள் திரும்பியதும் அவள் ஒரு வீட்டு வாசலில், ஈரம் காயாத கோலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்ந்த காலை, ஆனாலும் முகமெல்லாம் வேர்வை. கை தந்தி அடித்தது. அந்தக் கையை என் பக்கம் நீட்டி, "டப்பா" என்றாள்.

கொடுத்தேன். மூடியைத் திறக்க அவளுக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. நானே திறந்து காட்டினேன். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் உள்ளே பார்த்தாள். அப்படியே சரிந்தாள்.

எதிர்க் கடையில் காபி போடுகிறவர் ஓடிவந்தார். பெண்கள் நாலைந்து பேர் கூடினார்கள். அத்தையின் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. காபிக்காரர் பாலில் சர்க்கரையைக் கொட்டி ஆற்றிக்கொண்டு வந்து, "ரெண்டு வாய் குடும்மா" என்று குனிந்தார்.

நான் நடுவில் போய் நின்றேன். "அத்தை விரதம். ஒண்ணும் சாப்பிட மாட்டாங்க."

ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அவ்வளவு தெளிவாக அதுவரை நான் எதையும் ஒப்பித்ததில்லை.

காபிக்காரர் தம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அடடா, இன்னிக்கு ஏகாதசி" என்றாள் ஓர் அம்மாள். "வேண்டுதல் சுத்துற பொண்ணுங்க இது. பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம ஓடியிருக்கு பாருங்க" என்றாள் இன்னொருத்தி. அப்போதுதான் கைகள் குவிந்தன. யாரோ ஒருவர் கையிலிருந்த துளசியை அத்தையின் மார்பில் வைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் வீதி கூட்டுகிற அம்மா. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அத்தையின் கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"பாப்பா, உங்க அத்தைக்குச் சக்கரை இருக்கா?"

"இல்ல."

"நெசமாச் சொல்லு."

"இல்ல. விரதம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வாயில் இன்னும் இனிப்பு இருந்தது. "பட்டினிக்கு இப்படி வேர்க்காது. எனக்கு இதே மாதிரி ஆகியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே காபிக்காரரின் டப்பாவிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளினாள். அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள்.

"ஏம்மா, விரதத்தைக் கெடுக்காத" என்றார் துளசி வைத்தவர்.

"கெட்டா கெடட்டும். பொண்ணு பொழைக்கணும்ல" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தை முனகினாள். ஆட்டோ வந்தது. என்னோடு வீதி கூட்டுகிற அம்மாவும் ஏறிக்கொண்டாள், வழியெல்லாம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. யாரோ வீட்டில் சொல்லி அப்பா ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அத்தையின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தெருவில் நான் சொன்னதை அந்த அம்மா அப்பாவிடம் அப்படியே சொன்னாள். பெஞ்சு காலியாக இருந்தும் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு நினைவு தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "டப்பா இருந்துச்சேம்மா, என்னாச்சு?"

நான் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள். மெதுவாக இழுத்து என் விரல்களைத் தன் முகத்தருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு, "நான்தான் ரொப்ப மறந்துட்டேன் அண்ணே" என்றாள்.

தப்பித்துவிட்டேன் என்று எனக்குள் குதித்தேன். அத்தைக்கு எதுவும் ஞாபகமில்லை, மயக்கத்தில் எல்லாம் மறந்துபோயிற்று என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து, அத்தை ஆஸ்பத்திரியில் என் கைக்கு முத்தம் கொடுத்தாள் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

மணப்பாறைக்கு அத்தை தானே போன் செய்து நோயைச் சொன்னாள். அந்த இடம் நின்றுபோனது. எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் பிறகு வந்தார். அவளுக்கு இப்போது கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிறான், இன்னும் ஓடுகிறாள். எங்கள் வீட்டில் அத்தையின் பொய் விரதமெல்லாம் அந்த ஏகாதசியோடு நின்றது.

இரண்டு வாரம் கழித்து அத்தை மறுபடி ஓடக் கிளம்பினாள். நானும் சைக்கிளை எடுத்தேன். அவள் இடுப்பில் புதிதாக ஒரு சிறிய ஜிப் பை கட்டியிருந்தாள். பெருங்காய டப்பா அதற்குள் இருந்தது. "நீ சும்மா வா போதும்" என்று சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. இனி டப்பாவைச் சுமக்கிற வேலை இல்லை என்று நான் ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு உற்சாகமாக ஓட்டிக்கொண்டு போனேன்.

கல்யாணமாகி என் சமையலறையில் முதல்முறை ரசத்துக்குப் பெருங்காயம் கிள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டும் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. ஏதோ ஞாபகத்தில் விரல்களை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது முத்தமில்லை.